ஊருக்குப் போனால் அப்பாவின் இடுப்பை அளந்து பாருங்கள்

பெங்களூருவில் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்னும் சொந்த ஊரில் வேர் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஒரு அளவு டேப் கொண்டுபோய், முப்பது தாண்டிய ஆண்களின் இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள். 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதித்துவிடுவது நல்லது.

“நாள் பூரா காட்டுல கெடக்கறேன், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?” என்று அப்பா கேட்பார். ஏர் பிடித்த காலத்தில் அது நியாயம். இன்று உழவுக்கு டிராக்டர், தண்ணீருக்கு மோட்டார், டீக்கடைக்குப் பைக். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், கிராமத்தவரிலும் பாதிப்பேருக்கு உடலுழைப்பு போதவில்லை. விளையாட்டு, நடைப்பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்கியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கும் உழைப்பு. மண்வெட்டி பிடித்தால் அதுவும் கணக்கில் சேரும்; மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தால் சேராது.

கேட்டுப் பெற வேண்டியவை

முப்பது வயதானவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். ஆஷா ஊழியர் நிரப்பும் படிவத்தில் இடுப்பளவு, புகையிலை, மது, உடலுழைப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நாலுக்கு மேல் வந்தால் பரிசோதனையில் முன்னுரிமை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வருகிறது. பெங்களூருவில் இருப்பவர்களுக்கு அரசின் ‘நம்ம கிளினிக்’ இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஊழியர் பகலில் வருகிறார். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். படிவத்தில் அவர்கள் பெயர் விடுபடுகிறது. ஆகவே பரிசோதனை முகாமின் நேரத்தையும் இடத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். காலையில் பால் ஊற்ற வரும் பால் சங்க வாசல், சாயங்காலம் கோயில் திடல் என ஆண்கள் ஏற்கெனவே கூடும் இடங்களுக்கு முகாம் போகட்டும்.

பயிற்சிக்கும் இதே வழிதான். ஸ்காட்லாந்தில் 13 கால்பந்துக் கிளப்புகள் தங்கள் ரசிகர்களில் உடல் பருத்த ஆண்களைச் சேர்த்துப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்தன. ஓராண்டு கழித்து, சேராதவர்களைவிட இவர்கள் சுமார் 5 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். மைதானமும் பழகிய கூட்டமும் அவர்களை வரவைத்தன. கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் ஊர்க்காரர்களே குழுத்தலைவர்களாக இருந்து நடத்திய சர்க்கரைத் தடுப்புத் திட்டத்தில் நோய் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆனால் குடி குறைந்தது, காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது. நம் ஊருக்கு வாலிபால், கபடி, சிலம்பம் போதும். வயதானவர்களுக்கு ஏரிக்கரை நடை. நடத்துபவர் அந்த ஊர் ஆளாக இருக்கட்டும்.

கவனம்

பல வருடம் விளையாடாதவர் பொங்கல் கபடியில் திடீரென இறங்கக் கூடாது. பத்து நிமிட நடையில் தொடங்கி வாரா வாரம் கூட்டுங்கள். உச்சி வெயிலும் குடித்துவிட்டு ஆடுவதும் ஆபத்து. சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, குப்பென்று வியர்வை வந்தால் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்குக் ‘கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்’ 2024 முதல் வழங்கப்பட்டன. உங்கள் ஊரில் அவை யாரிடம் இருக்கின்றன, மைதானம் ஆக்கிரமிப்பில் இருக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றும் கிராம சபை நாட்கள், விடுமுறையும்கூட. மாலை நேர முகாம் வேண்டும் என்று தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.