பந்தியில் பாயசம் கிடைக்காத வரிசைகள்

பேத்தியின் நிச்சயதார்த்தப் படங்களை அனுப்பி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. குறுக்கே இருட்டுப் பட்டைகள் வேறு. கேமரா பழுதா?"

கேமரா மேல் குற்றமில்லை. புள்ளிக்குக் காரணம் வெளிச்சக் குறைவு. எங்கள் மொட்டை மாடியில் வடாம் காயும்போது தூறல் போட்டால் ஒரு வடாமில் மூன்று சொட்டு விழும், பக்கத்து வடாமில் ஒன்றுகூட விழாது. மழை கொட்டினால் எல்லாம் ஒன்றுபோல் நனையும். வெளிச்சமும் ஃபோட்டான்களாக, சொட்டுச் சொட்டாகத்தான் சென்சாரில் விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 விழுந்தால் பத்து முன்னேபின்னே இருக்கும். அதாவது 10 சதவீதத் தடுமாற்றம். 10,000 விழுந்தால் 1 சதவீதம்தான். கேமராவின் ஐஎஸ்ஓ அமைப்பைத் திட்டுகிறார்கள். அது பாவம், கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுகிறது. தடுமாற்றமும் சேர்ந்து பெருகுகிறது.

எனக்குப் பிடித்தது பட்டைகள்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு அதனால் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது; கண்ணுக்குத் தெரிவதில்லை. லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது 'கிளிக்' கேட்கக் கூடாதென்று, படம் எடுத்தவர் ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்திருப்பார் போலிருக்கிறது. அப்போது பெரும்பாலான சென்சார்கள் வரிசை வரிசையாகத்தான் வேலை செய்யும்.

பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போடுவதும் எடுப்பதும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாக நடக்கிறது. பாயசம் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, எல்லா இலைக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. இரண்டே நிமிடம் உட்கார்ந்து எழுகிறவர்களில் சிலருக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொருவரும் முழுப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரு கரண்டி உறுதி. நிமிடத்தை மில்லிநொடியாக மாற்றிக்கொள்ளுங்கள்: ஷட்டர் நேரம் 1/500 நொடி வைத்தால் பட்டை, 1/100 வைத்தால் இல்லை. சென்சாரின் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை போய்ச் சேர 30 மில்லிநொடி ஆனால் படத்தில் மூன்று பட்டை விழும். எண்ணிப் பாருங்கள்.

பூ அலங்காரத்துக்குக் கொட்டிக் கொடுப்பவர்கள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் நல்ல டிரைவர் உள்ள விளக்கு வாங்க யோசிக்கிறார்கள். பிறகு மென்பொருளிடம் ஓடுகிறார்கள். அது புள்ளியைத் துடைக்கும் வேகத்தில் பாட்டியின் சுருக்கங்களையும் வழித்துவிடுகிறது. சுருக்கமில்லாத பாட்டியை யார் கேட்டார்கள்? புள்ளி இருந்தால் இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு அதே கேமராக்காரரையே கூப்பிடுங்கள். 1/100 வைக்கச் சொல்லுங்கள். மேடையில் டிம்மர் வைத்த அலங்கார விளக்கு இருந்தால் தாலி கட்டும் நேரம் அதை அணைத்துவிடுங்கள். அதன் துடிப்புக் கணக்கு வேறு.