பார்க்காமலே தீர்ப்பா?
பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியைப் பெற்றோர் எடைபோடுவது எப்படி?



கோடை விடுமுறை பாதியைக் கடந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு விவாதம் தொடங்கிவிடும். ஐந்து வயது நிறைந்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? பக்கத்துத் தெருவிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியிலா, வேன் வந்து அழைத்துச் செல்லும் கட்டணப் பள்ளியிலா? நன்னிமா ஒன்று சொல்வார். மாமு வேறொன்று சொல்வார். இறுதியில், "அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பே சொல்லித் தருவதில்லையாம்" என்று யாரோ சொன்ன ஒரு சொல்லே வெற்றி பெறும். அவ்வாறு சொன்னவர் அந்தப் பள்ளியின் வாசற்படியை மிதித்தவரா என்று எவரும் கேட்பதில்லை!

திருவண்ணாமலை நகரை எண்ணிப் பாருங்கள். பெருங்கோவிலையும் கிரிவலத்தையும் நம்பி வாழும் ஊர் இது. 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்துவிட்டபோதிலும், இங்குள்ள பெரும்பாலான குடும்பங்களின் வருமானம் இன்றும் அன்றாட வியாபாரத்தையே சார்ந்துள்ளது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடும் கூட்டத்தில் நம்மவர் பலரும் கடை வைத்தும், ஆட்டோ ஓட்டியும், தள்ளுவண்டி தள்ளியும் பிழைக்கின்றனர். அத்தகைய ஒரு தந்தை, ஒரு பிள்ளையின் கட்டணத்துக்காகவும் வேன் வாடகைக்காகவும் கடன் வாங்குகிறார் எனில், அந்தக் கடன் எதற்காக என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் அன்றோ? அரசுப் பள்ளி உண்மையாகவே தரம் தாழ்ந்ததா? அல்லது கேள்விப்பட்டதை நம்பி அவர் கடனாளி ஆகிறாரா?

ஒரு தரப்பை மட்டும் கேட்டுக் காழி தீர்ப்பளித்தால் நாம் ஏற்போமா? பள்ளியின் விஷயத்திலும் அவ்வாறே. நேரில் சென்று பாருங்கள். அதுவும் பள்ளி நடைபெறும் நாளில் செல்லுங்கள். மே மாதத்தில் சென்றால் பூட்டிய கதவைத்தான் காண்பீர்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே தலைமை ஆசிரியரைச் சந்தித்து, "பிள்ளையைச் சேர்க்க எண்ணியுள்ளேன்; பள்ளியைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அங்கே எவற்றைப் பார்ப்பது என்பதையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

சுவரின் வண்ணமும் கூரையின் வலிமையும்

புதுவண்ணம் பூசிய சுவர் நம் கண்ணைக் கவரும். ஆனால் நாம் பார்க்க வேண்டியவை வேறு. கூரையில் விரிசல் உண்டா? மழைநீர் தேங்குகிறதா? சமையல் நடக்கும் இடம் வகுப்பறையை விட்டு விலகியுள்ளதா? ஆபத்து நேர்ந்தால் சிறுபிள்ளைகள் விரைந்து வெளியேற வழி உண்டா?

2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் எழுந்த தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்டதை நாம் மறந்துவிட முடியுமா? அது தனியார் நிர்வாகத்தில் இருந்த பள்ளி என்பதையும் நினைவில் கொள்க. பெயர்ப்பலகை எதுவாயினும் தீக்கும் மழைக்கும் வேறுபாடு இல்லை. 2024 டிசம்பர் 1-ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 உயிர்கள் பறிபோயின. அந்த மலையடியில் வாழும் நாம், பிள்ளை அமரும் அறையின் கூரையையும் சுற்றுச்சுவரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது குற்றம் ஆகாது.

அடுத்துக் கழிவறை. அதை வெளியே நின்று பார்த்துத் திரும்பாதீர்கள். கதவில் தாழ்ப்பாள் உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண் பிள்ளைகளுக்குத் தனியே உள்ளதா என்று பாருங்கள். தண்ணீரின்றிக் கழிவறைக்குச் செல்ல நம் பிள்ளைகள் பழகவில்லை. நாள் முழுதும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் குழந்தைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

எத்தனை ஆசிரியர்கள்?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இதற்கு ஒரு கணக்கு வகுத்துள்ளது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை எனில் மூவர்; 91 முதல் 120 வரை எனில் நால்வர்; அதற்கு மேல் 200 வரை எனில் ஐவர். ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் நடைபெற வேண்டும். பிள்ளையை அடித்தல் கூடாது. சேர்க்கும்போது நுழைவுத் தேர்வு வைத்தலும் நன்கொடை கேட்டலும் கூடா.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய வினா எளியது: "பிள்ளைகள் எத்தனை பேர்? ஆசிரியர்கள் எத்தனை பேர்? இன்று வந்திருப்போர் எத்தனை பேர்?" சிறு பள்ளிகளில் ஈராசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்துவர். அதைக் கண்டு உடனே முகம் சுளிக்க வேண்டாம். ஒரு வகுப்புக்கு அவர் பாடம் நடத்துகையில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். அட்டைகளையோ பயிற்சி ஏட்டையோ வைத்துத் தாமே ஏதேனும் செய்துகொண்டிருந்தால் அது நன்கு நடக்கும் பள்ளி. கையைக் கட்டி வாய் பொத்தி அமர்ந்திருந்தால், அங்கே அமைதி உண்டு, படிப்பு இல்லை.

காயிதா சொல்லித் தரும் பாடம்

பள்ளியின் தரத்தை அறிய மிகச் சிறந்த வழி ஒன்று உண்டு. அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதே அது!

இதற்காகப் பள்ளிக்குக்கூடச் செல்ல வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் இருப்பர். மாலையில் அழைத்து, தின்பதற்கு ஏதேனும் கொடுத்து, அன்போடு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையோடு நிறுத்தாதீர்கள். நால்வரையும் வாசிக்கச் சொல்லுங்கள். எந்தப் பள்ளியிலும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையும் வாசிப்பதுபோலவே தோன்றும். நம் மக்தபில் உஸ்தாது என்ன செய்வார்? காயிதாவைக் கடகடவென்று சொல்லும் சிறுவனை நிறுத்தி, வரியின் நடுவே ஓர் எழுத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்பார். எழுத்தறிந்தவன் சொல்வான், ஓசையை மட்டும் அறிந்தவன் விழிப்பான். அதே முறையைத் தமிழ்ப் புத்தகத்திலும் கையாளுங்கள். படித்திராத ஒரு பக்கத்தைத் திருப்பி, நடுவிலுள்ள சொல்லைச் சுட்டுங்கள். பின்னர், "கதையில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் நாடு முழுவதும் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் 'அசர்' ஆய்வின் அடிப்படையும் இதுவே. எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலும் வகுத்தலும். இவ்வளவுதான் தேர்வு. இந்தியச் சிற்றூர்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வல்லோர் 2018-இல் 100-க்கு ஏறத்தாழ 50 பேர். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022-இல் அது 43 ஆக வீழ்ந்தது. 2024-இல் 49 ஆக மீண்டது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்த கணக்கு இது. நம் மாநிலத்தில் இக்குறையைப் போக்கவே 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பெற்றது.

ஆசிரியரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் இங்கேதான் உள்ளது: "வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்?" நல்ல ஆசிரியர் அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்வார்; ஒவ்வொருவருக்கும் எங்கே தடுமாற்றம் என்பதையும் சொல்வார். "வீட்டில் கவனிப்பதில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்பவரிடம் நம் பிள்ளையை ஒப்படைக்கும் முன் சிந்திக்க வேண்டும்.

பௌர்ணமிக்கு மறுநாள்

வருகைப் பதிவேடு பல உண்மைகளைப் பேசும். திருவண்ணாமலைக்கு மட்டுமே உரிய ஒரு சோதனை உண்டு. பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் அமர்ந்துள்ளனர் என்று பாருங்கள்! இரவெல்லாம் பெற்றோரோடு கடையில் கண்விழித்த பிள்ளை மறுநாள் வராது. அதனைத் தேடி ஆள் அனுப்பும், அல்லது தொலைபேசியில் பெற்றோரை அழைத்துப் பேசும் பள்ளி, தன் கடமையை உணர்ந்த பள்ளி. கார்த்திகை தீபத்துக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறைக்கு ஈடான வேலை நாள் முறையாக நடக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டாம். வியாபார நாளில் பிள்ளையைக் கடையில் நிறுத்திக்கொண்டு, பிறகு பள்ளியின்மீது பழி சொல்வது நியாயம் ஆகுமா?

உணவும் வீட்டு மொழியும்

அதிகாலையில் மக்தபுக்குச் சென்று, அங்கிருந்து நேரே பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் பலர் வெறும் வயிற்றோடு செல்கின்றனர். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவான காலை உணவுத் திட்டம் இவர்களுக்குப் பேருதவி. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவையே பெரும்பாலும். மதியத்தில் சோறும் முட்டையும். இறைச்சி இல்லாமையால் ஹலால் பற்றிய ஐயத்துக்கும் இடமில்லை. எனினும் சமையலறையையும் குடிநீரையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.

உருது பேசும் இல்லங்களுக்கு ஒரு சொல். வீட்டில் உருது மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, தமிழில் பேசும் வகுப்பில் முதல் சில மாதங்கள் ஊமைபோல் அமர்ந்திருக்கும். அதனை 'மந்தம்' என்று ஒதுக்குகிறார்களா, பேச்சுக்கு இழுக்கிறார்களா என்று கேளுங்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி எந்தப் பள்ளியிலும் தமிழ் படித்தே ஆக வேண்டும். ஆகையால் இச்சிக்கலிலிருந்து கட்டணப் பள்ளிக்கு ஓடியும் தப்ப இயலாது.

இரண்டுக்கும் ஒரே தராசு

இவ்வளவும் பார்த்தபின் கட்டணப் பள்ளிக்கும் சென்று இதே வினாக்களைக் கேளுங்கள். அங்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ஆந்திரத்தில் 2008 முதல் நான்கு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் வழங்கப்பட்டது. இறுதியில் தெலுங்கிலும் கணக்கிலும் அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விஞ்சவில்லை. இந்தியில் மட்டும் முந்தினர். ஆயினும் ஒரு பிள்ளைக்குத் தனியார் பள்ளிகள் செய்த செலவு அரசு செய்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் அதே ஆய்வு கூறிற்று. அரசு தன் செலவுக்கேற்ற பலனைத் தரவில்லை என்பது அதன் மறுபக்கம். இரண்டையும் அறிந்து கொள்வதே நேர்மை.

2011-இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தது நாடெங்கும் செய்தியாயிற்று. செய்தியாகும் அளவுக்கு அது அரிதாய் இருந்தது என்பதே நாம் எண்ண வேண்டியது.

பிற்காலப் பயன்களையும் கணக்கிடுங்கள். மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் கற்றோர்க்கான 20 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பெற, 2020-இன் திருத்தப்படி முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும். மருத்துவக் கல்வியில் 2020-இல் வந்த 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு உரியது.

மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்றா?

நம் சமுதாயத்தில் ஒரு வழக்கம் பரவி வருகிறது. மகனைக் கட்டணப் பள்ளிக்கும், மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்புவது. அரசுப் பள்ளி நல்லது என ஆராய்ந்து அனுப்பினால் மகனையும் அங்கேயே அனுப்பலாமே! தாழ்ந்தது என்று கருதிக்கொண்டே மகளை மட்டும் அங்கே விடுவது எவ்வகை நீதி? இருவருமே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் அல்லவா?

பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் பயில்வோர் சுமார் 3 விழுக்காட்டினரே என்று 2006-இல் சச்சார் குழு அறிவித்தது. எஞ்சியோருள் பள்ளி செல்லும் பிள்ளைகள் அனைவரும் பொதுப் பள்ளிகளையே நம்பி இருக்கின்றனர். அப்பள்ளிகளின் தரம் நம் வீட்டுப் பிரச்சினை.

குறை கண்டால் என் செய்வது? அதற்கும் சட்டம் வழி வைத்துள்ளது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டும் உரிமை அக்குழுவுக்கு உண்டு. கழிவறைக்குத் தண்ணீர் இல்லை, ஆசிரியர் இடம் காலி என்பதைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பலாம். தெருவில் நின்று பேசும் பேச்சு காற்றோடு போகும். தீர்மான ஏட்டில் எழுதியதற்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டும். நம் பெண்கள் இக்கூட்டங்களுக்குச் செல்லத் தயங்குகின்றனர். ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் நிர்வாகிகள் கூட்டத்தின் நாளை அறிவித்து, "தாய்மார்களை அனுப்பி வையுங்கள்" என ஒரு வார்த்தை சொன்னால் அத்தயக்கம் தீரும்.

பெற்றோர்களே! இவ்வாண்டுச் சேர்க்கைக்கு முன் ஒரு முற்பகலை ஒதுக்குங்கள். தாயும் தந்தையும் சேர்ந்தே செல்லுங்கள். பார்த்தபின் அரசுப் பள்ளி வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது உங்கள் கண்ணால் கண்ட முடிவாக இருக்கும். வேண்டும் என்று முடிவெடுத்தால், வேனுக்கும் கட்டணத்துக்கும் வாங்கவிருந்த கடன் மிஞ்சும். இன்ஷா அல்லாஹ், மகனும் மகளும் ஒரே வாசலில் கைகோத்து நுழைவார்கள்.