தெரிவதற்கு முன்பே...

"மருமகள் முழுகாமல் இருக்கிறாள்" என்று தெரிந்த மாத்திரத்தில் வீடே மாறிவிடுகிறது, இல்லையா? தண்ணீர்க் குடத்தைத் தொடவிடமாட்டார் மாமியார். பப்பாளிப் பழம் வீட்டு வாசற்படி ஏறாது. எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் சகோதரிகளே, சில ஆபத்துகள் நமக்குத் தெரிவதற்கு முன்பே முந்திக்கொள்கின்றன!

டென்மார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். குளிர் மிகுந்த அந்த நாட்டில் பூச்செடிகளையும் காய்கறிகளையும் கண்ணாடிக் கொட்டகைகளுக்குள் வளர்க்கிறார்கள். பூச்சி மருந்து தெளித்த அந்தச் செடிகளைப் பெண்களும் கையாளுகிறார்கள். அவர்களில் கர்ப்பமானவர்களை, விஷயம் தெரிந்ததும் மருந்து படாத வேலைக்கு மாற்றினார்கள். அல்லது சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

அப்படியும் நடந்தது என்ன? அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளை மூன்றாவது மாதத்தில் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 6 பேருக்கு விதை பைக்குள் இறங்கவில்லை. கோபன்ஹேகன் நகரத்துக் குழந்தைகளிலோ நூற்றுக்கு 2 பேருக்குத்தான் இந்தக் குறை. 2008-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. மருந்து பட்டதெல்லாம் கர்ப்பத்தின் பத்தாவது வாரத்துக்குள், வேலை மாறுவதற்கு முன்னால்! ஆண் உறுப்புகளுக்கு அஸ்திவாரம் விழுவது முதல் மூன்று மாதத்தில்தானே?

நூற்றுச் சொச்சம் குழந்தைகளை வைத்துச் செய்த சிறு ஆராய்ச்சிதான். ஆனால் 2015-ல் பிரான்ஸிலிருந்தும் இதே மாதிரி ஒரு செய்தி வந்தது. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் அமைந்து பிறந்த 300 பையன்களின் பெற்றோர் பார்த்த வேலைகளை விசாரித்தார்கள். ரசாயனம் படும் வேலை பார்த்த தாய்மார் நூற்றுக்கு சுமார் 20. குறையில்லாத பிள்ளைகளின் தாய்மாரில் 10. துப்புரவு வேலை, முடி திருத்துதல், அழகு நிலையம், ஆராய்ச்சிக்கூடம் ஆகியவை அந்த வேலைகளில் முக்கியமானவை. தகப்பன்மாரிலும் இந்த வித்தியாசம் இருந்தது: அங்கே 40, இங்கே 27!

ஒவ்வொரு குழந்தையின் குறைக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஜாக்கிரதையாக இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே கணவனும் மனைவியும் டாக்டரிடம் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். பெயின்ட், பூச்சி மருந்து, ரசாயனத் திரவங்கள் புழங்கும் இடத்தில் கையுறையும் நல்ல காற்றோட்டமும் வேண்டும் என்று கேளுங்கள். கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும், எல்லா நாளும். யார் வயிற்றில் என்று எந்த முதலாளிக்குத் தெரியும்?

பிறந்த குழந்தையிடம் இத்தகைய குறை தென்பட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். ஆறு மாதமாகியும் விதை இறங்காவிட்டால் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். இரண்டு குறையையும் ஆபரேஷன் மூலம் சரிசெய்யலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம். "எதைத் தின்று தொலைத்தாளோ" என்று பெற்றவளைப் பழிக்காதீர்கள். அவள் தின்றதில் இல்லை தவறு. வயிற்றுப் பிழைப்புக்காகத் தொட்டதில் இருந்திருக்கலாம்.