எல்லோருக்கும் நகல்

இந்த நாவலில் கதைசொல்லியே கிடையாது. 'என்றான்', 'என்றாள்' கிடையாது. யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனை மணிக்கு, பிறகு மெயில். மேட் போமான்ட் 2000-இல் வெளியிட்ட 'ஈ' முழுக்க இப்படித்தான் நகர்கிறது. லண்டனில் மில்லர் ஷாங்ஸ் என்றொரு கற்பனை விளம்பர நிறுவனம். கோகோ கோலா விளம்பரத்தைப் பிடிக்க 2000 ஜனவரியில் அங்கே நடக்கும் குடுமிப்பிடி. போமான்ட் விளம்பர வாசகம் எழுதிய ஆள். வீட்டுச் சண்டையை வீட்டுக்காரரே சொல்வதுபோல் இருக்கிறது.

எனக்குப் பிடித்த விஷயம், தலைமை அதிகாரி டேவிட் கிரட்டனின் தலைவலி. ஏதோ கணினிக் கோளாறு. அவர் மெயில்கள் ஹெல்சிங்கி கிளைக்கும் போய்விடுகின்றன. அங்குள்ள மேலாளரோ நல்ல மனுஷர், தமக்குச் சம்பந்தமே இல்லாத ரகளைக்கெல்லாம் அக்கறையாகப் பதில் போடுகிறார். கிரட்டனுக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்றால், அங்கே ஒவ்வொருவருக்கும் தன் மெயில்தான் தெரியும். நமக்கு எல்லாம் தெரியும். மேலதிகாரிக்குப் பணிவாக எழுதியவர் அடுத்த நிமிடம் நண்பருக்கு அவரைப் பற்றி என்ன எழுதுகிறார் என்பதை ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்து வைத்தால் போதும். நானும் ஆபீசில் குப்பை கொட்டியவள். மெயிலைப் படிக்கும் முன் நகல் யார் யாருக்கு என்றுதான் பார்ப்பேன்.

பல ஆண்டுகள் கழித்து இதற்கொரு தொடர்ச்சியும் வந்தது. அதில் எஸ்எம்எஸ், பிளாக் எல்லாம் உண்டு. என் ஓட்டு முதல் புத்தகத்துக்குத்தான்.