துணியட்டை ஆல்பம்

ஆவடிக்கு அருகிலுள்ள வெள்ளானூரில் எங்கள் வீட்டில் பாட்டியாரின் நிழற்படம் ஒன்றே ஒன்று இருந்தது. பள்ளிப் பருவத்தில், ஆர்வ மிகுதியால், அதனை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோந்து தடவி ஒட்டிவைத்தேன். சில ஆண்டுகள் கழித்துப் பிரிக்க முயன்றபோது முகத்தில் பாதி தாளோடு போய்விட்டது. மறுபிரதி கிடையாது. மாணவ நண்பர்களே, ஆல்பம் செய்வதைப் பற்றிப் பேச வந்தவன் தன் தவற்றிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

பசையின் தொல்லை புதியதன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், தாளிலேயே பசை பூசிய ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். நீர் தொட்டு ஒட்ட வேண்டியதுதான். அவரும் என்னைப் போல் எதையோ கெடுத்திருப்பார் போலும்!

அட்டைக்குத் துணி போர்த்துவது அழகுக்காக மட்டும் என்று எண்ண வேண்டா. தாளை ஒரே இடத்தில் பலமுறை மடித்தால் அங்கே கிழியும். நெய்த துணியோ வளைந்து கொடுக்கும். ஆகையால்தான் பைண்டர்கள் புத்தகத்தின் முதுகுக்குத் துணியைத் தேடுகின்றனர். பருத்தித் துணியே சிறந்தது. தையற்கடையில் எஞ்சும் துண்டு போதும். அன்னையின் பழைய சுங்குடிப் புடவையாயின் அதற்கு ஈடு வேறில்லை. ஆனால் சாயம் போகுமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைத் தாளில் அழுத்தினால் தெரிந்துவிடும். நம் சென்னைக் கட்டம்போட்ட துணி 1950களின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனையானபோது, துவைத்ததும் சாயம் கசிந்து வாங்கியவர்களைத் திகைக்க வைத்தது. பின்னர் அக்கசிவையே பெருமையாக விளம்பரப்படுத்தினார்கள். சட்டைக்கு அது பொருந்தலாம்; ஆல்பத்துக்குப் பொருந்தாது. மெல்லிய துணியின் வழியே பசை வெளியே கசியும். அதனைத் தடுக்கத் துணியின் பின்புறம் மெல்லிய தாளை ஒட்டி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

அட்டை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். அட்டைக்கும் இழையோட்டம் உண்டு. இருபுறமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதில் வளைகிறதோ, அந்த வளைவின் கோடு ஆல்பத்தின் முதுகுக்கு இணையாக அமைய வேண்டும். மாறி அமைந்தால் அட்டை கோணிக்கொள்ளும். துணியை நான்கு புறமும் 2 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி உள்ளே மடித்து ஒட்டுக. ஒருபுறம் மட்டும் ஒட்டிய துணி உலரும்போது அட்டையைத் தன்பக்கம் இழுக்கும். உட்புறம் ஒரு தாளை ஒட்டினால் இழுப்புச் சமமாகும்.

மைதாப் பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்வது நல்லது. பூச்சி வராதிருக்க மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. துத்தம் நஞ்சு, அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளையும் கெடுக்கும். நன்றாக உலர்த்தினால் துத்தம் இன்றியே சமாளிக்கலாம்.

இனி, பலர் மறந்துவிடும் ஒன்று. படங்கள் சேரச்சேர ஆல்பம் முன்புறம் பருத்து, வாய் திறந்த மீன்போல் நிற்கும். தைக்கும்போதே ஏடுகளுக்கிடையில் 2 சென்டிமீட்டர் அகலமுள்ள தாள் பட்டைகளை முதுகுப் பக்கம் சேர்த்துத் தைத்தால் படங்களுக்கு இடம் கிடைக்கும்.

அலங்காரத்துக்கு நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். வண்ணத் துணிகளை வெட்டி, மற்றொரு துணிமேல் வைத்துத் தைத்த வேலை அது. அவ்வாறே ஒரு மாங்காயோ மயிலோ வெட்டி, ஓரத்தை மடித்து, சங்கிலித் தையலிட்டு, அதன்பின் துணியை அட்டையில் ஒட்டுக. ஒட்டியபின் தைக்க இயலாது. மணியும் கண்ணாடியும் வேண்டா. அடுத்த புத்தகத்தைக் கீறும்.

நிழற்படத்தில் மட்டும் பசை படவே கூடாது. தாளில் சிறு முக்கோண உறைகள் செய்து ஏட்டில் ஒட்டி, படத்தின் நான்கு மூலைகளையும் அவற்றில் செருகுங்கள். வேண்டும்போது எடுக்கலாம். செய்தித்தாள் மரக்கூழால் ஆனதால் விரைவில் பழுப்பேறும்; துணுக்குகளைப் படங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்காதீர்கள்.

முடிந்த ஆல்பத்தை ஓர் இரவு முழுதும் பாரத்தின்கீழ் வைத்திருங்கள். மறுநாள், படத்தில் உள்ளோர் பெயரையும் ஆண்டையும் ஏட்டில், படத்தின்கீழ், பென்சிலால் எழுதுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே அவரை அருகில் அமர்த்திக்கொண்டு எழுதுங்கள்.