மின்கணப்பும் மாதச் செலவும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே மார்கழி, தை, மாசி மாதங்களின் இரவுகள் கடுங்குளிர் வாய்ந்தவை. சில அதிகாலைகளிற் புல்லின்மீது உறைபனி படிவதும் உண்டு. அங்கு வாழும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கணப்பு ஆடம்பரமன்று. உடல்நலத்திற்கு வேண்டிய பொருள். ஆயினும், குளிருக்கு அஞ்சி மின்கணப்பை வாங்கிய குடும்பம், மாத முடிவில் மின்சாரப் பட்டியலைக் கண்டு அஞ்ச நேரிடுகிறது. எந்தக் கணப்புச் சிக்கனமானது என்னும் கேள்வி இவ்விடத்திலேயே எழுகிறது.

கடைகளிற் காணப்படும் கணப்புகள் பலவகை. செந்நிறமாகக் கனலும் கம்பி உடையவை சில. விசிறியாற் சூட்டுக் காற்றை வீசுவன சில. எண்ணெய் நிரப்பிய உலோக இதழ்களை உடையவை வேறு சில. இவை விலையிற் பெரிதும் வேறுபடும். ஆனால், ஓரலகு மின்சாரம் இவற்றுள் எதனூடு சென்றாலும் ஓரலகு வெப்பத்தையே தரும். கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. மின்னோட்டம் கம்பியிற் பிறப்பிக்கும் வெப்பத்தின் விதியை ஜேம்ஸ் யூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். எண்ணெய்க் கணப்பு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்போர், நிறுத்திய பின்னும் அது சூடாயிருப்பதைக் கண்டு மயங்குகின்றனர். முன்னர் ஏற்ற வெப்பத்தையே அது பின்னர் வெளிவிடுகின்றது.

செலவைக் கணிப்பது எளிது. கணப்பிற் பொறித்துள்ள வாற்று எண்ணை, அது இயங்கும் மணித்தியாலங்களாற் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் அலகுகள் கிடைக்கும். 2,000 வாற்றுக் கணப்பு ஐந்து மணித்தியாலம் ஓய்வின்றி இயங்கினால் 10 அலகுகள். முப்பது இரவுகளில் 300 அலகுகள். இலங்கையில் அலகுகள் பெருகப் பெருக ஓரலகின் விலையும் படிப்படியாக உயர்கின்றமையால், இவ்வலகுகள் பெரும்பாலும் மேற்படிகளின் விலைக்கே வந்து சேரும்.

அப்படியாயின் சிக்கனத்திற்கு வழி யாது? வழிகள் மூன்று. முதலாவது, அறையை விடுத்து ஆளைச் சூடாக்குவது. 100 வாற்று மின்போர்வை எட்டு மணித்தியாலம் இயங்கினாலும் முழுதாக ஓரலகு செலவாகாது. இரண்டாவது, விலை குறைந்த வேளையில் வெப்பத்தைச் சேமிப்பது. பிரித்தானியாவில் இரவின் ஏழு மணித்தியாலங்களுக்குக் குறைந்த கட்டணம் 1978ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. அங்கே செங்கல் அடுக்கிய கணப்புகள் இரவிற் சூடேறிப் பகலில் அதனை வெளிவிடும். இங்கே இலாபம் விலையில் உள்ளதேயன்றிக் கணப்பில் இல்லை. மூன்றாவது, வெப்பத்தை உண்டாக்காது வெளிக்காற்றிலிருந்து உள்ளே கொண்டுவருவது. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் 1852இல் இதற்கு வழிகாட்டினார். சூடும் தரவல்ல வளிச்சீராக்கிகள் இம்முறையில் இயங்கி, ஓரலகு மின்சாரத்தைக்கொண்டு ஏறத்தாழ மூன்றலகு வெப்பத்தை அளிக்கின்றன. 10 அலகு வேண்டிய இடத்தில் மூன்றரை அலகளவு போதும். ஆனால், வாங்கும் விலையோ மிகப் பெரிது.

எவ்வழியைக் கைக்கொள்ளினும், கதவு, யன்னல் இடுக்குகளை முதலில் அடைத்தல் வேண்டும். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்து என்ன பயன்? செலவுக்கு அஞ்சி, மூடிய அறையிற் கரியடுப்பை எரிய விட்டு உறங்குதல் ஒருபோதும் ஆகாது. மணமும் நிறமும் அற்ற நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும். இடுக்கை அடைத்து, ஆளைப் போர்த்து, அதன் பின்னரே அறைக்குக் கணப்பைத் தேடுவது அறிவுடைமையாகும்.