159 செ.மீ. உயரம்... உடைந்த விரல்... ஒலிம்பிக் பதக்கம்!

வாலிபால் என்றாலே உயரம்தானே? ஜப்பானின் யோஷியே டகேஷிடா வெறும் 159 செ.மீ.! ஸ்பைக் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர் அவர்.

2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதிபெறவில்லை. செட்டரின் உயரம்தான் காரணம் என்று பழி விழுந்தது. நொந்துபோய் 2002-ல் ஆட்டத்தையே விட்டவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேறு வேலை தேடினார். நல்லவேளை, ஜே.டி. அணி அவரை விடாமல் அழைத்துவந்தது.

2006 உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானுக்கு 6-வது இடம்தான். ஆனால், தொடரின் மிகச்சிறந்த வீராங்கனை யோஷியே!

2012 லண்டன் ஒலிம்பிக் நெருங்கும் நேரத்தில், இடது ஆள்காட்டி விரலில் எலும்பு முறிவு. செட்டருக்கு விரல்தானே எல்லாம்? வெளியே சொல்லாமல் ஆடினார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தென் கொரியாவை 3-0 என வீழ்த்தியது ஜப்பான். 28 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பதக்கம். அப்போது யோஷியேவுக்கு வயது 34.